சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைக் கார்

நான் ஐந்தாவது படித்த வருடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டதில்லை. அதில் ஒரு கார் நின்றது. அதாவது, என்றைக்கோ கார் ஆகப்போகிற பிளாஸ்டிக் துண்டுகள் செய்தித்தாள் மேல் பரப்பிக் கிடந்தன. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். விருந்தாளிகள் வந்தால் அம்மா, "கீழ உக்காந்து தின்னாத்தானுங்க செரிக்கும்" என்று சமாளிப்பாள்.

அதைக் கொண்டுவந்தவர் சிங்கப்பூர்ச் சித்தப்பா. எனக்கென்றுதான் கொண்டுவந்தார். பெட்டியின் மேல் சிவப்பாக ஒரு வெளிநாட்டுக் கார் பாய்ந்துகொண்டிருந்தது. திறந்து பார்த்தால் காரைக் காணோம். சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக், அதில் காய்த்துத் தொங்குவதுபோல் குட்டிக் குட்டிப் பாகங்கள். நான் அழுதேன். அப்பா பெட்டியை வாங்கி, உள்ளேயிருந்த படப் புத்தகத்தைப் புரட்டினார். அதன்பிறகு அது என் கைக்குத் திரும்பவே இல்லை. கட்டி முடித்தால் என் கை நீளத்துக்கு நிற்கும், கதவு திறக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அதற்கு முன்னால் எங்களிடம் நிஜக் கார் ஒன்று இருந்தது, வெள்ளை நிறம். அப்பாவுக்குப் பம்புசெட் கம்பெனியில் விற்பனை வேலை. காங்கேயம், தாராபுரம் என்று ஊர் ஊராக அதில்தான் போவார். ஒரு நாள் அப்பா மட்டும் திரும்பி வந்தார், கார் வரவில்லை. கேட்டதற்கு அம்மா, "ரிப்பேரு கண்ணு, வித்துப்போட்டோம்" என்றாள். நம்பிவிட்டேன். உண்மையில் காங்கேயம் ரோட்டில் சைக்கிளில் குறுக்கே வந்த ஒரு பெரியவர் அந்தக் காரில் அடிபட்டு இறந்துபோயிருந்தார். அப்பா மேல் தப்பில்லை என்று போலீசே சொல்லிவிட்டார்களாம். இது எதுவும் என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா ஆபீஸ் வேலைக்கு மாற்றிக்கொண்டு நாங்கள் இருந்த கணபதியிலிருந்து காந்திபுரத்துக்கு டவுன் பஸ்ஸில் போகிறார் என்பதும், எதிர்வீட்டுப் பெண் காரில் ஏறிப் போவதை நான் ஜன்னலில் நின்று பார்க்கவேண்டியிருக்கிறது என்பதும்தான்.

ஆகவே நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். இந்தக் காரைக் கட்டி முடித்துவிட்டால் அப்பாவுக்கு ஆசை பிறந்துவிடும், நிஜக் காரும் வந்துவிடும். அம்மாவின் மனதிலும் இதேதான் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேசையை விட்டுக்கொடுக்கிற ஆளா அவள்!

ஆனால் அப்பா முடிக்கிற வழியாக இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் நறுக்கி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, பெயிண்ட் அடித்துக் காயவைப்பார். பெட்டிமேல் சிவப்பாக இருந்த காருக்கு வெள்ளை அடித்தார். இடப்பக்கம் இருந்த ஸ்டியரிங்கை அறுத்து வலப்பக்கம் மாற்றினார். "நம்மூரு ரோட்டுல ஓடோணுமல்ல" என்றார். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிரேக்கில் போய் நின்றுவிட்டார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. படப் புத்தகத்தில் பிரேக் என்பது வெறும் ஒட்டுகிற துண்டு. அப்பா அதைத் தனியாக வெட்டி, பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை வைத்து, மெல்லிய கம்பி இழுத்து, மிதித்தால் சக்கரத்தைப் பிடிக்கிற மாதிரி செய்யப் பார்த்தார். பிடிக்காது. பிரிப்பார். மறுபடி ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின.

"உள்ள இருக்கறத ஆருங்கப்பா பாக்கப்போறாங்க?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"பாக்கறதுக்கு இல்ல கண்ணு. மிதிச்சா புடிக்கோணும்" என்றார்.

அந்த வருட ஆயுத பூசைக்குக் காரும் ஓரளவு கார் மாதிரி ஆகியிருந்தது. பிரேக் மட்டும் பாக்கி. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தன் வேனுக்கு எங்கள் தெருவில் வைத்துப் பூசை போட்டுவிட்டுக் குடும்பத்தோடு உள்ளே வந்தார். அம்மாவுக்கு வாசலில் தனக்கென்று வண்டி இல்லாத குறை. மேசைமேல் நின்ற காருக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள், குங்குமம் வைத்தாள். பெயிண்ட் கெட்டுவிடும் என்று சொல்ல வாயெடுத்த அப்பா, அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து விட்டுவிட்டார். இருக்கிறதிலேயே சின்னதாக நான்கு எலுமிச்சம்பழம் பொறுக்கி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தாள். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தால்தான் பூசை முடிந்த கணக்கு. அதுவும் வண்டிக்காரர்தான் எடுக்க வேண்டும்.

அப்பா மேசையின் மறுகோடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அசையவில்லை.

"ஏனுங்க மச்சான், பூசை போட்டும் வண்டிய எடுக்காம உக்காந்திருந்தா எப்புடீங்க? எடுங்க!" என்றார் மாமா.

"நீங்களே எடுத்துருங்க மாப்ள."

மாமாவுக்கு இது போதாதா? ஹாரன் சத்தம் வாயாலேயே எழுப்பிக்கொண்டு காரின் பின்னால் கை வைத்தார். எல்லாரும் சிரித்தோம். நான் கைதட்டிய வேகத்தில் மடியில் இருந்த பொரித்தட்டு கவிழ்ந்தது. பொரியைப் பொறுக்க மேசைக்கு அடியில் புகுந்தேன்.

அங்கேதான் அப்பாவின் வலது காலைப் பார்த்தேன். மொசைக் தரையில் பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். விரல்கள் வெளுத்து, முழங்கால் நடுங்கியது. மேலே ஒரே சிரிப்பு. பழம் நசுங்காமல் நழுவி உருண்டிருக்கிறது, கார் எகிறி மேசை முழுக்க ஓடியிருக்கிறது. அப்பாவின் பக்கத்தில் விளிம்பைத் தாண்டி, அந்தக் காலுக்கு எதிரிலேயே வந்து விழுந்தது. முன்சக்கரம் ஒன்று கழன்று என்னிடம் உருண்டு வந்தது.

"என்னுங்க மச்சான், பிரேக்கு புடிக்கலையாட்ட இருக்குதுங்க!" என்றார் மாமா.

நான்தான் அதிகமாகச் சிரித்தேன். பிறகு என் சிரிப்பு மட்டுமே கேட்டது. வெளியே வந்து பார்த்தால் மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். பேசாமல் பேசாமல் இருந்ததில், தெரிந்தவர்களுக்கே காங்கேயம் ரோட்டு விஷயம் மறந்துபோயிருந்தது. ஒரு பொம்மை உடைந்ததற்கு இவ்வளவு பெரிய அமைதியா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா என்னிடமிருந்து சக்கரத்தை வாங்கிக்கொண்டார். "பரவால்லீங்க மாப்ள" என்றார். அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டார். மறுநாள் மேசையில் சாப்பிட்டோம்.

நிஜக் காரும் வரவில்லை. கோபத்தில்தான் காலை அப்படி ஊன்றினார், அந்தக் கோபத்தில்தான் கார் வாங்க மாட்டேன் என்கிறார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். "கையை நீட்டியிருந்தாப் புடிச்சிருக்கலாமல்லங்கப்பா, பக்கத்துலதான இருந்தீங்க" என்று வெகுநாள் அவரிடம் குறைபட்டிருக்கிறேன்.

அப்பா இறந்த மறுவருடம் நான் கார் வாங்கினேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் காங்கேயம் ரோட்டைப் பற்றிச் சொன்னாள்.

"கடசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு கண்ணு, நா சரியான நேரத்துல மிதிச்சனா இல்லியான்னு."

எனக்கு அந்த மொசைக் தரை ஞாபகம் வந்தது. அந்தக் கால் நடுங்கியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நானாவது அவரிடம், பார்த்தேனுங்கப்பா, நீங்க மிதிச்சீங்க என்று சொல்லியிருக்கலாம். மாறாக, கையை நீட்டவில்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.