நாடித்துடிப்பின் மேல் இரண்டு பொட்டு

1. ஏறிப் பார்க்காமல்

சைக்கிள் வாங்க வருகிறவர்கள் சைக்கிளில் ஏறுவதில்லை. இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த எங்கள் கடையில் உடற்பயிற்சிச் சாதனங்கள் விற்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே நான் கண்டது இது. குடும்பம் முழுக்க வரும். கைப்பிடியைத் தட்டிப் பார்க்கும், உள்ளே சுழலும் ஃப்ளைவீல் சக்கரம் எத்தனை கிலோ என்று கேட்கும், நிறத்துக்குச் சண்டை போடும். மிதிக்க வேண்டியவர் மட்டும் ஏ.சி.க்குக் கீழே, வேறு யாருடைய கல்யாணத்துக்கோ வந்தவர்போல நின்றிருப்பார்.

வரதராஜன் சார் அப்படித்தான் நின்றிருந்தார். மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல உயரம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். தினமும் கொஞ்சமாவது கால் அசைய வேண்டும், சும்மா உட்கார்ந்தால் மறுபடி இங்கேதான் வருவீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் அவர் ஊரப்பாக்கம் வீட்டின் மாடிப்படி இறங்கவே பயந்தார். வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? அதனால் வீட்டுக்குள்ளேயே ஒரு சைக்கிள் என்று முடிவானது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அவர் மனைவி கோமதியம்மா. கையிலிருந்த போனின் வீடியோவில் மகள் வித்யா புனேயிலிருந்து கடையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் மாடலைக் காட்டினேன். முதுகுக்கு நல்லது, ஏறி இறங்கச் சுலபம். சார் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“ஈஸி சேர்ல படுத்துக்கிட்டு மிதிக்கற வயசு எனக்கு இன்னும் வரலைம்மா.”

நிமிர்ந்து உட்காரும் மாடல்களில் பெரிய திரை உள்ளதை வித்யா தேர்ந்தெடுத்தாள். வேகம், தூரம், கலோரி, கைப்பிடியைப் பிடித்தால் நாடித்துடிப்பு எல்லாம் தெரியும்.

“நகராத சைக்கிளுக்கு எதுக்கு மீட்டர்?” என்றார் சார்.

“நீங்களுந்தான் நகர மாட்டேங்கறீங்க. அதுக்குத்தான்,” என்றார் கோமதியம்மா.

எல்லோரும் சிரித்தோம். பில் போட்டேன். அவரை ஒருமுறை ஏறி உட்காரச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

2. எலுமிச்சம்பழம்

புது வண்டிக்கு எங்கள் பக்கம் சந்தனம், குங்குமம், முன்சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். பழம் நசுங்க வண்டி கிளம்பவேண்டும். இந்த வண்டி எங்கே கிளம்பும்? மெக்கானிக்கும் நானும் ஹாலில் ஃபிட்டிங் முடித்தபோது கோமதியம்மா ஒரு பழத்தோடு நின்றிருந்தார். தள்ளி நகர்த்துவதற்கென்று முன்னால் இரண்டு சின்ன உருளைகள் உண்டு. அவற்றில் ஒன்றின் அடியில் வைத்தோம். மெக்கானிக் வண்டியைச் சாய்த்துத் தள்ளினார். பழம் நசுங்காமல் உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

கோமதியம்மாவின் முகம் வாடியது. “விடு, அதுக்காவது கால் இருக்கு,” என்றார் சார்.

இருக்கைத் தண்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அவரவர் உயரத்துக்குத் தக்கபடி ஓர் இரும்புப் பின்னைச் செருக வேண்டும். சாருக்கு மேலிருந்து இரண்டாவது துளை. செருகிவிட்டு வந்தோம்.

3. தாழ்ந்த இருக்கை

இரண்டு மாதம் கழித்து, பெடலில் சத்தம் வருகிறது என்று போன். மெக்கானிக் லீவு. ஸ்பேனரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் ரயில் ஏறினேன். எனக்குக் கடையில் உட்கார்ந்திருப்பதைவிட இப்படிக் கிளம்பிப் போவது பிடிக்கும். ஜன்னலோரம் காற்று, பின்னோக்கி ஓடும் வீடுகள், எல்லா மொட்டைமாடியிலும் யாரோ ஒருவரின் ஈரத்துணி.

சார் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பெடலை இறுக்கக் குனிந்தேன். இருக்கைத் தண்டின் இரும்புப் பின் கடைசித் துளையில் இருந்தது. அந்த உயரத்தில் சார் மிதித்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். நிமிர்ந்து கோமதியம்மாவைப் பார்த்தேன். என் தோளுக்குத்தான் வருவார். அவர் பால்கனியை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

“வித்யா தினம் மீட்டரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றா. ஓடலைன்னா அங்க உக்காந்து அழறா. அதான் நானே மிதிச்சிடறேன்.” கொஞ்சம் தயங்கிச் சேர்த்துக்கொண்டார். “என் முட்டிவலி போயிடுச்சு. அது வேற விஷயம்.”

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. புனேயில் ஒருத்தி அப்பாவின் இதயம் நாளுக்கு நாள் தேறுவதாக நம்பிக்கொண்டிருக்கிறாள். ஓடுவது அம்மாவின் கால்கள்.

சார் சமையலறை வாசலில் நின்றிருந்தார். கேட்டுவிட்டார். கோபப்படவில்லை. சைக்கிள் அருகே போய்த் திரையில் நாடித்துடிப்பு வரும் இடத்தைக் காட்டினார்.

“ஆஸ்பத்திரில தலைக்கு மேல ஒரு நம்பர் ஓடிட்டே இருந்துது. அதைப் பாத்துத்தான் நர்ஸுங்க ஓடி வருவாங்க. இதுலயும் அதே நம்பர். மிதிச்சா ஏறுது. அது ஏறினா நான் இறங்கிடறேன்.”

எத்தனையோ பேரிடம் அந்த எண்ணைத்தான் பெருமையாகக் காட்டி விற்றிருக்கிறேன். ஒருவருக்கு அது படுக்கையின் தலைமாட்டில் ஓடிய எண் என்று கடையில் வைத்து எப்படித் தெரியும்?

நான் டாக்டர் இல்லை, அவரிடம் இதை இப்படியே சொல்லுங்கள் என்றேன்.

4. மெதுவா

டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்கள். மிஷினைப் பார்க்கவேண்டாம், பேசிக்கொண்டே மிதியுங்கள், பேச்சு திணறினால் குறையுங்கள், நெஞ்சு வலித்தால் நிறுத்திவிட்டு உடனே வாருங்கள் என்றாராம் டாக்டர். அந்த எண்ணை மட்டும் அணைக்க முடியுமா என்று கோமதியம்மா போனில் கேட்டார்.

மறுபடி போனேன். கைப்பிடிக்குள் ஓடும் ஒயரைக் கழற்றிப் பார்த்தேன். எண் போனது. அந்த இடத்தில் பூஜ்யம் வந்து நின்றது. மூவரும் அதையே பார்த்தோம். உடனே ஒயரைத் திரும்ப மாட்டினேன்.

கோமதியம்மா குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த மெரூன் பொட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தார். ஒன்று போதவில்லை. பக்கத்தில் இன்னொன்று ஒட்டினார். எண் மறைந்தது. இருக்கையின் பின்னை மேல் துளைக்கு ஏற்றினேன். சார் ஏறி உட்கார்ந்தார். பெடல் ஒரு சுற்று வந்தது, இன்னொரு சுற்று வந்தது.

“என்ன பேசறது?” என்றார்.

“எப்பவும் என்னைக் குறை சொல்வீங்களே, அதைச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு கோமதியம்மா பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தார்.

சார் ஆரம்பித்தார். மகள் பேச்சைக் கேட்டு இதை வாங்கியது, மச்சினன் கல்யாணத்தில் தனக்கு மரியாதை இல்லாமல் போனது, இன்னும் சோபாவுக்கு அடியிலேயே கிடக்கும் எலுமிச்சம்பழம். சக்கரம் சீராகச் சுற்றியது. மச்சினன் கல்யாணத்துக்கே திரும்பி வந்த இடத்தில் ஒரு வார்த்தை பாதியில் நின்றது.

“மெதுவா,” என்றார் கோமதியம்மா, தலை நிமிராமல். கால்கள் தணிந்தன. வார்த்தையின் மறுபாதி வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஃப்ளைவீல் எடையைப் பிறகு சொல்லலாம். ஏ.சி.க்குக் கீழே நிற்பவரை முதலில் ஏற்றி உட்காரவையுங்கள். மிதிக்கவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். அதற்கப்புறம் மாடலைச் சொல்லுங்கள்.

போன மாதம் சர்வீஸுக்குப் போனபோது அந்த இருக்கைத் தண்டைப் பார்த்தேன். மேலிருந்து இரண்டாவது துளையிலும் கடைசித் துளையிலும் பின் மாறி மாறி ஏறி இறங்கிப் பெயிண்ட் உரிந்து, இரும்பு பளபளத்தது.