அரசி டீச்சர் மறைக்காத தழும்பு

பெரம்பலூரில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். ஆபீஸ் கிளார்க் வாசலில் வந்து நின்றார். "அரியலூர்லேர்ந்து போன் வந்துச்சு மேடம். உங்க கூட வேலை பார்த்த அரசி டீச்சர் காலையில தவறிட்டாங்களாம்" என்றார். எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் என் வலது கை தானாக எழுந்து இடது மார்பை அழுத்திக்கொண்டது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை எடுக்க முடியவில்லை.

மங்கையர்க்கரசி என்பது அவருடைய முழுப்பெயர். அரியலூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் விலங்கியல் நடத்தினார். நான் பெரம்பலூருக்கு மாற்றலாகி வரும்வரை ஓய்வறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அவருடைய உரத்த குரலும், தவளையின் இதயத்தை வண்ணச் சாக்பீஸால் வரைந்துவிட்டுக் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொள்வதும் அவரிடம் படித்த எல்லாருக்கும் நினைவிருக்கும். நோயோடு அவர் வாழ்ந்த ஆறு ஆண்டுகள் பலருக்குத் தெரியாது. "நான் போன பிறகு எழுதணும்னா எழுது. மூடி மறைக்காம எழுது" என்று அவரே சொல்லியிருப்பதால் எழுதுகிறேன்.

கட்டியை அவர்தான் குளிக்கும்போது கண்டுபிடித்தார். திருச்சியில் டாக்டரைப் பார்க்கப் போனபோது அவருடைய கணவரோடு நானும் போயிருந்தேன். கணவர் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். டாக்டர் அவரைப் பார்த்தே பேசினார். "ஆபரேஷன் பண்ணிடலாம் சார், தைரியமா இருங்க" என்றார். டீச்சர் குறுக்கிட்டார்.

"வெட்டப்போறது என்னைய. எதை எடுப்பீங்க, எதை விடுவீங்க? எங்கிட்ட சொல்லுங்க."

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டி பெரிதாக இருப்பதால் மார்பை முழுவதுமாக எடுக்க வேண்டும் என்றார். அடியிலிருக்கும் தசையை விட்டுவிடுவார்கள். அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். நீர் வடிய ஒரு குழாய் சில நாள் இருக்கும். மேற்கையின் உட்புறம் மரத்துப்போகலாம், கை வீங்கவும் செய்யலாம். "தழும்பு எப்படி இருக்கும்?" என்று டீச்சர் கேட்டார். டாக்டர் தன் சட்டைமேலேயே, நடுநெஞ்சிலிருந்து அக்குள்வரை சாய்வாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். டீச்சரின் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கட்டு பிரித்த அன்று நான்தான் உடனிருந்தேன். "இன்னைக்குப் பார்க்க வேணாம்மா, கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் நர்ஸ். டீச்சர் என்னிடம் கைக்கண்ணாடியைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். நான் சுவரைப் பார்த்தபடி பிடித்தேன்.

"கண்ணாடி ஆடுது. நேரா புடி."

நேராகப் பிடிக்க வேண்டுமானால் நானும் பார்த்தாக வேண்டும். பார்த்தேன். ஒரு பக்கம் உடல் இருந்தது. மறுபக்கம் விலா எலும்புகளின் மேல் இழுத்துத் தைத்த தோலும், செக்கச் சிவந்த ஒரு வரியும் இருந்தன. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மழையில சுண்ணாம்புக்கல் லாரி போன தடமாட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து எந்தக் கண்ணாடி முன் நின்றாலும் அந்த வரி என் உடம்பில் ஒரு கணம் தெரிந்து மறையும். இப்போதும்தான்.

மருந்தும் கதிர்வீச்சும் முடிந்து பள்ளிக்குத் திரும்பினார். ஓய்வறையில் யாரும் இல்லாதபோது சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் கையை மேலே ஏற்றப் பழகுவார். ஒருநாள் பாதியில் நிறுத்தி, "இடது பக்கம் காம்புல அரிக்குது" என்றார். "எடுத்தது அதுக்கு இன்னும் தெரியல போல. சொறியவும் முடியல, சும்மா இருக்கவும் முடியல" என்று சிரித்தார். தழும்பை அவருடைய கணவர் கடைசிவரை பார்க்கவில்லை. "நல்லவரு. பயந்தவரு" என்பதற்குமேல் அதைப்பற்றி அவர் பேசியதில்லை.

கீழப்பழுவூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி திடீரென்று பள்ளிக்கு வராமல் நின்றாள். விசாரித்தபோது, அவளுடைய அம்மா செல்விக்கும் மார்பில் கட்டி, ஆபரேஷன் வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டாள் என்று தெரிந்தது. சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் போனோம். செல்வி களத்தில் கடலை காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"அறுத்துப்புட்டா அப்புறம் நான் என்ன பொம்பளைங்க? இப்படியே போயிடறேன், விடுங்க" என்றாள்.

டீச்சர் அவளை வீட்டுக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். ரவிக்கை ஊக்குகளைக் கழற்றினார். செல்வி முதலில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்லக் கிட்டே வந்தாள்.

"தொட்டா வலிக்குமாங்க?"

"வலிக்காது. இந்த எடம் மரத்துப்போச்சு. இங்கேர்ந்து இங்க வரைக்கும் வெட்டுவாங்க. டியூப் தொங்கும். முடி கொட்டும், திரும்ப மொளைக்கும். மொத தடவை பார்க்கறப்ப அழுவ. நானும் அன்னிக்கு ராத்திரி தனியா அழுதேன்."

பஸ்ஸில் திரும்பும்போது, இவ்வளவையும் சொல்லிப் பயமுறுத்தியிருக்க வேண்டுமா என்று கேட்டேன். "பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனா, கட்டு பிரிக்கறப்ப அவ தனியா நிப்பா" என்றார்.

செல்வி ஆபரேஷன் செய்துகொண்டாள். அதன்பின் அவ்வப்போது கடலை மூட்டையோடு டீச்சர் வீட்டுக்கு வருவாள். உள்ளறையில் ஒருவர் தழும்பை ஒருவர் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

சென்ற ஆண்டு டீச்சரின் தழும்பின் ஓரத்தில், தோலுக்கு அடியில் கடுகு கடுகாகத் தட்டுப்பட்டது. நோய் நுரையீரலுக்கும் போயிருந்தது. என்னிடம் சொன்னவர் உடனே, "செல்விகிட்ட சொல்லாத" என்றார். "என்னைப் பார்த்துத்தான் அவ கத்திக்கு ஒத்துக்கிட்டா. இதைப் பார்த்தா தெனம் தெனம் செத்துப் பொழைப்பா."

"மறைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அவருடைய உடலைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. துணியை விலக்காமலே நீர் ஊற்றினோம். செல்வி பின்னால் நின்றிருந்தாள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போன பிறகு அவள் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டாள்.

"திரும்ப வந்துடுச்சுல்லங்க?"

நான் தலைகுனிந்தேன்.

"ஆடியிலயே தெரியும்ங்க. எப்பவும் என்னோடத பார்ப்பாங்க, அவங்களோடத காட்டுவாங்க. அன்னிக்குக் காட்டல. நானும் கேக்கல. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அவங்க தாங்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன்." பிறகு கேட்டாள்: "எனக்கும் வருமாங்க?"

"தெரியல செல்வி. டாக்டர்கிட்ட போவோம். நான் கூட வரேன்."

"அது போவலாம்ங்க. இப்ப ஒரு தடவை நீங்க பாருங்க. பார்க்க ஆளு இல்லாம வூட்டுக்குப் போவ முடியல." அவளே கதவைத் தாழிட்டாள்.

டீச்சர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். மூன்று விரல்களைச் சேர்த்து, தழும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக, தோலை அழுத்தியும் அழுத்தாமலும் நகர்த்திப் போனேன். ஒன்றும் தட்டுப்படவில்லை என்று சொன்னேன். திருச்சியில் டாக்டரும் இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார்.

போன வாரம் செல்வி பெரம்பலூருக்கு வந்திருந்தாள். இனியும் வருவாள். அவள் வருகிறாள் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து என் விரல்நுனிகள் குளிர்ந்துபோகின்றன. அரசி டீச்சரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தப் பயமும், பயந்துகொண்டே தொட்டுப் பார்க்கிற இந்தக் கையும்தான்.