சந்தனம் பூசிய மூடி

என் இடதுகை மோதிரவிரலின் நுனி போனதற்குக் காரணம் ஆயுத பூஜை என்று சொன்னால் எங்கள் கிறிஸ்தவ சபையில் சிலர் சந்தோஷப்படுவார்கள். அதனால் அங்கே சொல்வதில்லை. உண்மையில் காரணம் எங்கள் எல்லோருடைய மரியாதையும்தான்.

வடசேரிச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் கம்பெனியில் காய் சீவும் மெஷின் என் பொறுப்பு. அதற்குக் குழாய் வைத்த எவர்சில்வர் மூடி ஒன்று உண்டு. குழாயில் காயைப் போட்டால் உள்ளே சுற்றும் பிளேடு சீவித் தள்ளும். ஆயுத பூஜைக்கு முதலாளி அந்த மூடியைக் கழற்றிக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். சாமிக்குப் படைத்ததை நான் தின்னமாட்டேன் என்று, படைப்பதற்கு முன்பே எனக்கென்று அவர் தனியாக எடுத்து வைத்த பொரியை நான் தின்றேன். அவ்வளவு பார்த்துச் செய்கிறவர். பூஜை முடிந்து வேலை தொடங்கியது. மூடி மட்டும் ஆணியிலேயே இருந்தது.

சாமியாக்கி வைத்த சாமானை வேதக்காரி நான் தொட்டு எடுக்கலாமா என்று எனக்குக் கூச்சம். மூடி இல்லாமல் வேலை வேகமாக ஓடுகிறதே, அக்காவுக்கு அது வேண்டாம் போலிருக்கிறது என்று முதலாளிக்கு நினைப்பு. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மாலை வாடிச் சருகானது. ஒருநாள் ஒரு காய் வழுக்கியது, கை அதன் பின்னாலேயே போய்விட்டது.

வலியில் உயிர் போனது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அன்று மயங்கி விழுந்தது முதலாளி. காய் ஏற்றி வந்த ஆட்டோவில் எங்கள் இரண்டு பேரையும் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதில் யாருக்கு அடி என்று நர்ஸ் கேட்டாள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மனுசனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், "மூடி செவுத்துல தொங்கிட்டு கெடந்து சார். எனக்க தப்புதான்" என்று உள்ளதைச் சொன்னார். நஷ்டஈட்டை இழுத்தடிக்கவில்லை. ஆனால் புண் ஆறி நான் திரும்பியபோது மெஷினுக்குச் சாக்கு போர்த்தி, சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டும் போட்டிருந்தார். மற்ற பெண்கள் காயைக் கையால் சீவிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாக்கெட் ஒட்டும் வேலை.

"இங்கன இருங்கக்கா. அந்த எளவு மெஷின நீங்க இனி பாக்கவே வேண்டாம்."

பாவம் பார்க்கிறாராம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் பாக்கெட்டெல்லாம் கோணலாக ஒட்டின. விரல் போனதற்குக்கூட நான் அவ்வளவு அழவில்லை. மெஷின் முன்னால் நின்றால் நான் அந்தக் கம்பெனிக்கே ராணி. என் இடம் எனக்குத் திரும்ப வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

ஓணம் வந்தது. மலையாளக் கடைகளிலிருந்து ஆர்டர் குவிந்தது. கையால் சீவி மாளவில்லை. நான் பாக்கெட்டைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"மொதலாளி, பூட்டத் தொறங்க. ஆனா மூடி இல்லேண்ணா மோட்டார் ஓடப்பிடாது, அப்பிடி ஆக்கித் தாங்க. சுவிச்சும் எனக்கு எட்டுக எடத்துல இருக்கணும்."

"ஒங்களுக்குப் பயமில்லியாக்கா?"

"பயம் ஒங்களுக்குத்தான். வெளிய போயி நில்லுங்க, மறுபடி மயங்கி விழுந்திராதீங்க."

கம்பெனியே சிரித்தது. அவரும் சிரித்தார். மறுநாளே எலக்ட்ரீசியன் வந்து நான் சொன்னபடி செய்து கொடுத்தார். முதல் காய் சர்ரென்று இறங்கி வட்டம் வட்டமாக விழுந்ததும் எனக்குக் கீர்த்தனையே வந்துவிட்டது. தொண்டை கிழியப் பாடிக்கொண்டே சீவினேன். முதலாளி நிஜமாகவே வாசலில்தான் நின்றார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மூடியை யாரும் கழற்றவில்லை. இருந்த இடத்திலேயே அதற்குச் சந்தனமும் மாலையும் ஆயிற்று. பிறகு முதலாளி தராசுக்குப் பொட்டு வைத்தார், கத்திகளுக்கு வைத்தார். நான் பொட்டு வைப்பதில்லை என்று தெரிந்தவர், வழக்கம்போல் என்னைத் தாண்டிப் போகப் பார்த்தார். நான் இடதுகையை நீட்டினேன்.

"இதுக்கும் வையுங்க மொதலாளி. இதும் ஆயுதந்தானே."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குட்டை விரல் நுனியில் சந்தனத்தைத் தொட்டு வைத்தார். ஜில்லென்று இருந்தது.

"சபையில யாருட்டயும் சொல்லிராதீங்க" என்றேன். கையைக் கழுவாமலேயே பஸ் ஏறினேன்.