நின்றபடியே பிரித்த கடிதங்கள்

யோகராணி அக்கா போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் அவருடைய தபால் பெட்டியின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். ஈமெயிலில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தன் விசா முடிவைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். "வந்தா வீட்டுக்குக் கொண்டு போகாத பிள்ளை. பெட்டியடியிலயே நின்று பிரி" என்பது எனக்கு உத்தரவு. அன்று உள்ளே பீட்சாக் கடை விளம்பரம் ஒன்றுதான் கிடந்தது. அவரோடு ஒரே வீட்டில் இருந்த தர்சினி போனில் அழ, நான் அந்த விளம்பரத்தையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயில் மடப்பள்ளியில் அவரோடு பூசணிக்காய் நறுக்கிய உங்கள் எல்லோருக்கும் அவருடைய வாய் தெரியும். நான் முதன்முதலாக வைத்த சாம்பாரைக் கரண்டியில் தூக்கிப் பார்த்து, "இந்தியாக்காரி நல்லா ரசம் வச்சிருக்கிறா" என்றவர். அந்த வாய்தான் என் குடும்பத்தை இந்த நாட்டில் இருக்க வைத்தது. வெட்கத்தால் இத்தனை நாள் நான் இதைச் சொல்லவில்லை.

என் கணவர் வெல்டர். கம்பெனி எடுத்துக் கொடுத்த தற்காலிக விசாவில் சிட்னியின் வெஸ்ட்மீட்டுக்கு வந்தோம். இன்சூரன்ஸில் பிரசவச் செலவு கிடைக்க ஓராண்டு காத்திருக்க வேண்டும். இளையவன் அதற்குள் பிறந்துவிட்டான். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து பில் வந்தது. கொத்தமல்லிக் கட்டின் விலையைக்கூட நோட்டில் எழுதுகிற நான், அந்தத் தொகையை மட்டும் எழுதவில்லை. அடுத்தடுத்து வந்த உறைகளைப் பிரிக்காமல் முருகன் படத்துக்குப் பின்னால் செருகினேன். அவன் பார்த்துக்கொள்வான் என்றிருந்தேன். விமான டிக்கெட்டுக்குக் கைமாற்றுத் தந்த நண்பருக்கு மட்டும் மாதம் தவறாமல் கொடுத்துவந்தோம். நிரந்தர விசா கிடைத்தால் வெள்ளி வேல் சாத்துவதாக வேண்டிக்கொண்டு, அதற்கும் தனியாகச் சேர்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பொங்கல் பாத்திரம் வாங்க வந்த அக்கா, விளக்குத் திரியைத் தூண்டப் போனவர், படத்துக்குப் பின்னால் கையை விட்டார். நான்கு உறைகள்.

"இதென்ன, முருகனுக்கு வந்த பில்லோ?"

"அப்புறம் பார்க்கலாம்னு வச்சிருக்கேன்க்கா."

"அவருக்கு விசா தேவையில்லை. உனக்குத்தான் வேணும். எங்க, உங்கட விசாக் கடிதத்தை எடு பார்ப்பம்."

கடிதத்தின் பின்பக்கத்தில் நிபந்தனைகள் இருந்தன. அரசு ஆஸ்பத்திரிக்குக் கடன் பாக்கி வைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. அவர் விரல் அந்த வரியில் நின்றது. எங்கள் நிரந்தர விசா விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது.

"பிரண்டுக்கு முதல்ல கொடுக்கலைன்னா மரியாதையா இருக்காதேக்கா" என்றேன்.

"பிரண்ட் கோவிப்பான், சண்டைக்கு வருவான். ஆஸ்பத்திரிக்காரர் ஒரு சத்தமும் போட மாட்டினம். பேசாம விசா ஒபிசுக்கு எழுதி அனுப்பிப்போடுவினம். அதுதான் பயம்."

திங்கட்கிழமை என்னை ஆஸ்பத்திரி பில் கவுன்டருக்கு இழுத்துப் போனார். அக்காதான் பேசினார்: "ஷீ நொட் ரன்னிங் அவே. ஷீ ஸ்கெயார்ட் ஒப் லெட்டர்." கவுன்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டு, தவணைக்கு ஒத்துக்கொண்டு கடிதம் அடித்துத் தந்தாள். முதல் தவணையாக வேலுக்குச் சேர்த்த பணத்தை எடுத்தேன்.

"சாமி காசுக்கா."

"கேட்டாரெண்டா என்னைக் காட்டு."

அந்தக் கடிதத்தை விசா ஏஜென்ட் எங்கள் விண்ணப்பத்தோடு சேர்த்தார்.

திரும்பும் பஸ்ஸில், இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். இலங்கையிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர் அவர். ஒரு தற்காலிக விசா முடிந்து அடுத்தது வருமுன், மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு இல்லாத வாரங்களில் நோயில் விழுந்திருக்கிறார். அந்தக் கடனை அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தே அடைத்தாராம். "இப்ப என்ர பேரில ஒரு சதம் பாக்கி இல்லை. விசா இல்லையெண்டு சொல்லுறதெண்டா அவை வேற சாட்டுத் தேடட்டும்" என்றார்.

எங்களுக்கு விசா கிடைத்த அன்று அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன். "பாயாசம் கொண்டு வா. சாம்பார் மாதிரித் தண்ணியா வைக்காத" என்று சிரித்தார். உங்களுடையது என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மறுபடி பணம் சேர்த்து வேல் சாத்திய அன்றும் அவர் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்கு வந்தார்.

கடன்பட்டு ஒளித்த எங்களுக்குக் கிடைத்தது. ஒரு சதம் பாக்கி வைக்காதவர் காத்திருந்தே போய்விட்டார். விளக்கேற்றும்போதெல்லாம் முருகனிடம் இதைத்தான் கேட்கிறேன். கேட்டுவிட்டு உட்கார முடியாமல் எழுந்துவிடுகிறேன்.

தர்சினியும் வீட்டைக் காலி செய்வதால், பெட்டிச் சாவியை இந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஏஜென்டிடம் கொடுக்க வேண்டுமாம். அதுவரை காலையும் மாலையும் போய்த் திறந்து பார்க்கிறேன். அக்கா எனக்கு விட்டுப்போனது ஒரு பழக்கம். முருகன் படத்துக்குப் பின்னால் இப்போது ஒன்றும் இல்லை. கடிதம் வந்தால் வாசலிலேயே, செருப்பைக் கழற்றாமல், நின்றபடியே பிரிக்கிறேன். வெள்ளிக்குள் அவருடையது வந்தால் அதையும் அப்படித்தான் பிரிப்பேன்.