கலங்கல் நீர் காட்டிய பொய்த்தரை

ஐப்பசி மழையில் பெருகிய தாமிரபரணி, கலங்கல் நீரைக் கடலில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், நானும் என் மனைவியின் தம்பி சேவியரும் புன்னைக்காயலுக்குக் கிழக்கே வலை விரிக்கப் படகில் சென்றோம். வெள்ளத்தில் வந்த ஆகாயத்தாமரைக் கொடி படகை உந்தும் விசிறியில் சுற்றிக்கொள்ள, இயந்திரம் நின்றது. வாடைக்காற்று எங்களை ஆற்றுமுகத்து மணல்திட்டை நோக்கித் தள்ளியது. அங்கே அலைகள் உயர்ந்து உடைந்துகொண்டிருந்தன. அவற்றில் சிக்கினால் படகு கவிழ்ந்துவிடும்.

மீன் காட்டும் எதிரொலிக் கருவியான எக்கோவின் திரையில், மூன்று பாக ஆழத்தில், அதாவது பதினெட்டு அடியில், தரை தடித்த சிவப்புக் கோடாகத் தெரிந்தது. அதை நம்பி, ஆறு பாகம் கயிறு விட்டு நங்கூரத்தை இறக்கிக் கட்டினேன். படகு நிற்கவில்லை.

“மச்சான், கயிறு நேராத் தொங்குது. நங்கூரம் தரையத் தொடவே இல்ல!” என்று கத்தினான் சேவியர்.

“எக்கோவுல மூணு பாகம்னுதானலே காட்டுது?”

“அப்ப அந்த எக்கோவத் தூக்கிக் கடல்ல போடும். அதுவாவது தரையத் தொடும்!”

நீரிடையே அடர்ந்து கிடந்த வண்டல் படலத்தையே கருவி தரையாகக் காட்டியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எஞ்சிய கயிறோ பனிக்கட்டிப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. இருவரும் பெட்டிகளைப் புரட்டித் தள்ளிக் கயிறு முழுவதையும் விட்டோம். அலையின் இரைச்சல் நெருங்கிக்கொண்டே வந்தது. ஒருவழியாக நங்கூரம் பற்ற, படகு குலுங்கி நின்றது. சேவியர் நீரில் இறங்கிக் கொடியை அறுத்தெறிந்த பின்பே கரை திரும்பினோம்.

இப்போது ஆறு கலங்கும் மாதங்களில், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தை அளந்த பிறகே திரையைப் பார்க்கிறேன். நங்கூரக் கயிற்றின்மேல் ஒரு பெட்டி இருந்தாலும் கரையை விட்டுக் கிளம்புவதில்லை.