வால்வு செட் ஆகிவிட்டது என்று சொன்ன முனிராஜ்

முனிராஜ் போய்விட்டான். காலையில் உத்தனப்பள்ளியிலிருந்து அவன் மனைவி மஞ்சுளாதான் போன் செய்தார்.

நியாயமாக எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது எரிச்சல்தான். அவனோடு வேலை செய்தவர்களுக்கு இது புரியும்...

எண்பதுகளின் கடைசி. ஓசூரில் ஒரு கியர் கம்பெனி. நான் ஃபிட்டர், அவன் லேத் ஆபரேட்டர், ஒரே ஷிஃப்ட். முப்பது வயதுகூட ஆகாதவனுக்கு பெங்களூரில் ஆபரேஷன் செய்து, இதயத்தில் உலோக வால்வு வைத்து அனுப்பினார்கள்.

டிக்... டிக்... கேன்டீனில் எதிரில் உட்கார்ந்தால் நமக்கே கேட்கும். "மணி என்னடா ஆச்சு?" என்று அவன் சட்டையைப் பார்த்துக் கேட்பார்கள். அவனும் சிரிப்பான்.

ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க தினமும் மாத்திரை என்றார் டாக்டர். "எத்தன மாசத்துக்கு சார்?" என்று கேட்டான் இவன். கூடப் போன நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கீரை அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், அளவோடு சாப்பிடு என்றால், ராயக்கோட்டை சந்தையிலிருந்து கட்டுக்கட்டாக வாங்கி வருவான். மாத்திரையோ, ஞாபகம் வந்தால் உண்டு. கேட்டால், "சும்னிரப்பா! எனக்குத் தெரியும்" என்பான். கோபம் வந்தால் அவனுக்குக் கன்னடம்தான்.

ஒருநாள் கேன்டீனுக்கு ஒரே சந்தோஷமாக வந்தான். "சத்தம் கொறஞ்சிடுச்சுடா! புது கியர் பாக்ஸ் மாதிரிதான்... ஓட ஓட செட் ஆயிடுச்சு. இனிமே மாத்திர எதுக்கு?"

இங்கே என்னையும் சேர்த்து உதைக்க வேண்டும். அவன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். சத்தம் அமுங்கித்தான் இருந்தது. "ஸ்மூத்தா ஓடுது" என்று சர்டிஃபிகேட் கொடுத்தேன். அதற்காக போண்டா வேறு வாங்கிக் கொடுத்தான். ரெண்டு மடையர்கள்.

அடுத்த வாரம் மஞ்சுளா கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணா, சோறு போடறப்பகூட அந்த சத்தம் கேக்கும். இப்ப கேக்கல. நாலடி நடந்தா மூச்சு வாங்குது அவருக்கு. எனக்கு பயமா இருக்குண்ணா."

"புதுசுன்னா மொதல்ல சத்தம் போடும்மா, அப்பறம் செட் ஆயிடும். நீங்க வீட்டுக்குப் போங்க" என்றேன். என்ன திமிர் எனக்கு!

அவர் என்னோடு வாதாடவில்லை. மறுநாளே அவனைப் பஸ்ஸில் ஏற்றி பெங்களூர் கொண்டுபோனார்.

வால்வில் ரத்தம் உறைந்து, தகடு பாதிதான் திறந்ததாம். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் ஆள் இல்லை என்றாராம் டாக்டர். மறுபடியும் நெஞ்சைத் திறந்தார்கள்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தான். மாத்திரை டப்பா மஞ்சுளா கைக்குப் போனதால் இருந்தான்.

இன்று போனில்தான் எனக்கு வாய் வந்தது. "அன்னைக்கு கேட்ல நீங்க சொன்னத நான் காதுல வாங்கியிருக்கணும்மா. தப்பு என்னுது."

"நீங்களாச்சும் சொன்னீங்கண்ணா... அவரு கடைசி வரைக்கும் தானாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனதா ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தாரு" என்று சொல்லி அழுதார்.

என்ன ஆள் பாருங்கள் இவன்!

மதியம்தான் எடுக்கிறார்கள். பஸ் ஏறிவிட்டேன். இருடா முனிராஜ்... நேரில் வந்து திட்டிவிட்டு அனுப்பி வைக்கிறேன்.