என் மில்லில் எனக்குப் பூட்டிய அறை

பன்னிரண்டு வயதில் முதுகில் நெல் மூட்டை ஏற்றியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இன்று திருவாரூர் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக ஓர் உயரமான புகைபோக்கியைப் பார்த்தால், "அதுதான் பஞ்சநதத்தோட ரைஸ் மில்லு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லுவார். சொல்லாவிட்டால் அவர் வெளியூர்க்காரர்.

அவ்வளவும் நானே கட்டியது. ஆனால் அந்த மில்லுக்குள் ஓர் அறை இருக்கிறது. அதற்குள் போக நானே கதவைத் தட்ட வேண்டும். உள்ளே இருக்கிற பெண்ணின் பெயர் சுடர்விழி. இங்கே எழுதுவது அவளைப் பற்றி. நடுவில் என்னைப் பற்றிக் கொஞ்சம் வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இல்லாமல் இந்த மில்லில் எதுவும் நடந்ததில்லை.

அவள் காத்தானின் மகள். காத்தானும் நானும் ஒரே லாரியில் மூட்டை ஏற்றியவர்கள். அவன் மனைவி அம்சம் நட்ட நாற்றை வரிசையாக வைத்தால் மயிலாடுதுறை வரைக்கும் போகும். மகளைப் பாலிடெக்னிக் படிக்கவைத்தார்கள். அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். அம்சத்துக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதும், கூட இருக்க ஆள் வேண்டுமென்று ஊருக்குத் திரும்பினாள். அப்போதுதான் நான் மில்லில் நெல் காயவைக்கிற புது டிரையர் போட்டு, அதை ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

வேலைக்கு எடுக்குமுன் ஒரு நெல்லைக் கையில் கொடுத்து, "ஈரம் எவ்வளவு, சொல்லு" என்றேன். கடித்துப் பார்த்தாள்.

"பதினாலு இருக்கும் அய்யா. ஆனா மீட்டர்ல பாத்துட்டுத்தான் எழுதுவேன்."

மீட்டர் பதினாலே கால் காட்டியது. நானும் மனதுக்குள் பதினாலு என்றுதான் நினைத்திருந்தேன். அதனால் பாஸ் போட்டேன்.

என் மில்லில் நெல் ஊறுவது, ஆவியில் வேகுவது, டிரையரில் காய்வது எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர்தான் நடத்துகிறது. திரையைத் தொட்டால் சூடு ஏறும், தொட்டால் இறங்கும். முதல் நாளே அவள் கேட்டாள்: "இதை யார் யாருங்க தொடுவாங்க?"

"எல்லாரும்தான்" என்றேன் பெருமையாக. என்னிடம் ஒளிவுமறைவு கிடையாது. பாஸ்வேர்டை எழுதித் திரைக்கு மேலேயே சோற்றுப் பருக்கையால் ஒட்டிவைத்திருந்தோம். மேனேஜர் ரெங்கசாமி அதில் ஜாதகம் பார்ப்பார். என் மச்சினன் பிரபு பென்டிரைவைச் செருகிப் பாட்டுக் கேட்பான். லாரிக்காரர்கள் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்வார்கள். யார் உட்கார்ந்தாலும் கம்ப்யூட்டருக்கு அவர் பெயர் 'ஆபரேட்டர்'.

"இது சரியில்லீங்க அய்யா. ஆளுக்கு ஒரு பேரு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு வைக்கணும். வேலை இல்லாதவங்க உள்ள வரக்கூடாது."

"ஏன் பாப்பா, கர்ப்பக்கிரகமா இது?"

"அதைவிட ஆபத்துங்க. தொட்டா சாமி சும்மா இருக்கும். பாய்லர் இருக்காது."

நல்ல பேச்சு என்று சிரித்தேன். நல்ல பேச்சுக்கு உடனே சிரிப்பேன். காரியத்துக்குக் காலம் பார்ப்பேன். மூன்று மாதம் காலம் பார்த்தேன்.

குறுவை நெல் வந்து குவிந்த புரட்டாசி மாதம். ஒரு நாள் காலையில் அரைத்துப் பார்த்தால் முழு அரிசியைக் காணோம், முக்கால்வாசி குருணை. முந்தின நாள் டிரையரில் காய்ந்த இருபது டன்னும் அப்படியே. ரெங்கசாமி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"மொதலாளி, நேத்து மத்தியானம் ஒண்ணு இருபதுக்கு டிரையர் சூடு எம்பதுலேருந்து நூறுக்கு ஏறியிருக்கு. ஏத்தினது ஆபரேட்டர்னு போட்டிருக்கு. நம்ம ஆபரேட்டர் இந்தப் பொண்ணுதானே?"

"அப்ப நான் சாப்பிடப் போயிருந்தேன் சார்," என்றாள் சுடர்விழி. "ஒண்ணே முக்காலுக்கு வந்து பாத்து நான்தான் இறக்கினேன். ஒங்ககிட்ட உடனே சொன்னேனே?"

"நீ சொன்னே, இல்லேங்கலே. ஏத்திப்புட்டு, பயந்துபோயிச் சொல்லியிருப்பே."

எனக்குக் கோபம் வந்தால் பாய்லருக்கே வேர்க்கும். "திங்கக்கிழமையிலேருந்து நீ வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். காத்தான் முகம் நினைவுக்கு வந்தது. நியாயம் என்று வந்தால் எனக்குச் சிநேகிதன் கிடையாது என்று அதை ஒதுக்கினேன்.

அவள் அழவில்லை. "வேலை போனா அம்மாவை விட்டுட்டு மறுபடி ஸ்ரீபெரும்புதூர் போகணும். அதுகூடப் போவட்டும். நெல்லைக் கெடுத்தவன்னு பேரு வந்துட்டா எந்த மில்லுல என்னைச் சேப்பாங்க? ஒரே ஒரு தடவ ரூமுக்கு வந்துட்டுப் போங்க அய்யா."

போனேன். திரையில் சூட்டை ஏற்றுகிற அம்புக்குறியைக் காட்டினாள். அதன்மேல் வெள்ளையாக ஒரு விரல் தடம். சுண்ணாம்பு.

"நேத்தே பாத்தேன். தொடைக்காம வச்சிருக்கேன்."

எங்கள் மில்லில் வெற்றிலை போடுகிறவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்குப் பல் கறையாகிவிடும் என்று பயம்.

முந்தின நாள் நடந்தது அப்போதுதான் எனக்குக் கோவையாக வந்தது. சாப்பிட்டு, வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். டிரையரிலிருந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்தேன். ஈரம் தட்டியது. ஒரு தரம் தொட்டால் ஐந்து டிகிரி ஏறும், அது போதும் என்று அம்பைத் தொட்டேன். எண் அசையவில்லை. மறுபடியும் தொட்டேன். மறுபடியும். நாலாவது தடவையும் அசையாததால், இந்த மிஷினுக்கு மரியாதை தெரியவில்லை என்று வந்துவிட்டேன். நான் வெளியே போனபிறகு அது நாலையும் சேர்த்து ஏற்றிவிட்டிருக்கிறது.

"திரை சில நேரம் மெதுவாத்தாங்க காட்டும்" என்றாள், என்னவோ குற்றம் திரையுடையது போல.

"நேத்தே ஏன் புள்ள சொல்லலே?"

"நான் சொன்னா மொதலாளி மேலயே பழி போடுறான்னு ஆயிடும். நீங்களே பாத்தா நீங்களே சொல்லுவீங்க." பிறகு சொன்னாள்: "மதகுச் சாவி வாய்க்காலுக்குத் தண்ணி தொறந்துவிடற லஸ்கர்கிட்ட மட்டும் இருக்கறதாலதானே, தண்ணி வரலேன்னா நேரா அவர்கிட்டப் போய்க் கேக்கறோம்? சாவி ஊர் முழுக்க இருந்தா யாரைக் கேப்பீங்க? இங்க எல்லாருக்கும் ஒரே பேரு. அதனாலதான் நான் மாட்டினேன்."

எல்லாரையும் களத்துக்குக் கூப்பிட்டு, "சூட்டை ஏத்தினது நான். சுடரு வேலையில இருக்கு" என்றேன். இந்த மாவட்டத்தில் எத்தனை முதலாளி இப்படி ஒத்துக்கொண்டிருப்பான்? விரல்விட்டு எண்ணலாம், ஒரு விரல் போதும்.

"மொதலாளி ஏத்தினா அதுல ஒரு காரணம் இருக்கும்" என்றார் ரெங்கசாமி உடனே.

"இருக்குங்க சார். வெத்தலை" என்றாள் சுடர்விழி.

அன்றைக்கே அறைக்குப் பூட்டு வந்தது. திரைமேல் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்தாள். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். பென்டிரைவ் செருகுகிற ஓட்டைகளை அடைத்துவிட்டாள். பிரபு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. டிரையர் விற்ற கம்பெனி ஆள் போனில் பாஸ்வேர்டு கேட்டால், "நேர்ல வாங்க சார், நான் பக்கத்துல நிக்கிறேன்" என்கிறாள்.

எனக்கும் தனியாக ஒரு பாஸ்வேர்டு கிடைத்தது. அப்படி ஒரு பாஸ்வேர்டு இந்தத் தாலுகாவிலேயே யாருக்கும் கிடையாது என்று டீக்கடையில் சொன்னேன். வெறுமே சொன்னால் நம்புவார்களா? என்னவென்றும் சொன்னேன். மறுநாள் காலையில் அவள் வாசலிலேயே நின்றாள்.

"டீக்கடை துரைக்கண்ணு ஒங்க பாஸ்வேர்டு ரொம்ப நல்லாருக்குன்னாரு. மாத்துங்க."

அந்தப் பாஸ்வேர்டைப் போட்டால் நான் எல்லாவற்றையும் பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது.

"மில்லு யாருதும்மா?"

"ஒங்களுதுதாங்க. அதான் பத்திரமா வச்சிருக்கேன்."

பிறகு ஆயுதபூஜை வந்தது. எல்லா எந்திரத்தையும் நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைப்போம். மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரத்தில் நான் முதல் பொத்தானைத் தொட்டால்தான் மில் ஓடும். முப்பது வருட வழக்கம். இந்த வருடம் கம்ப்யூட்டருக்கு மேசைக்காலில் பொட்டு வைக்கத்தான் அனுமதி கிடைத்தது. காத்தானும் அம்சமும் வந்து அறைவாசலில் நின்றார்கள்.

"நல்ல நேரம் போவுது, தொறம்மா" என்றேன்.

"கையைக் காட்டுங்க."

காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழுவிட்டு வாங்க" என்றாள். கழுவிக்கொண்டு வந்தேன். திரையை எனக்கு மறைத்து நின்றுகொண்டு அவளுடைய பாஸ்வேர்டைப் போட்டாள்.

"இது என் பேர்லதான் பதியும். ஏதாவது ஆனா நான்தான் பதில் சொல்லணும். ஒரு தடவதான் அய்யா. அசையலேன்னாலும் மறுபடி தொடக்கூடாது."

தொட்டேன். திரை பேசாமல் நின்றது. முப்பது வருடத்தில் எந்தப் பொத்தானும் என்னை இப்படிக் காக்கவைத்ததில்லை. விரல் தானாக எழுந்தது.

"அண்ணே, கையைப் பின்னால கட்டிக்க" என்றான் காத்தான்.

கட்டிக்கொண்டேன். மூச்சு விடுகிற நேரம் போனது. பிறகு டிரையர் உறுமியது, மில் ஓடியது. கை தட்டினார்கள். எனக்குத்தான் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

திரையில் ஒரு வரி விழுந்தது: துவக்கியவர், சுடர்விழி. அம்சம் அதை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தாள்.

இருக்கட்டும். அவளை வேலைக்கு எடுத்தது யார்? நான்.